லென்ஸ் வாங்கிய பணம், லென்ஸ் ஆலை கட்டிய பணம்

எண்பதுகளில் கண்புரை அறுவை செய்துகொண்ட தாத்தா பாட்டிகளை நினைவிருப்பவர்களுக்கு அவர்களுடைய கண்ணாடியும் நினைவிருக்கும். சோடாபுட்டிக் கண்ணாடி. புரை விழுந்த வில்லையை டாக்டர் எடுத்துவிடுவார். அதன் இடத்தில் எதையும் வைக்கமாட்டார். வில்லை செய்த வேலையை மூக்கின்மேல் உட்கார்ந்திருக்கும் அந்தத் தடித்த கண்ணாடி செய்ய வேண்டும். அது உடைந்தாலோ தொலைந்தாலோ மறுபடி மங்கல்தான். களையெடுக்கவும் ஆடு மேய்க்கவும் போகிறவர்கள் அதை எத்தனை நாள் காப்பாற்ற முடியும்?

கண்ணுக்குள்ளேயே பொருத்திவிடும் செயற்கை லென்ஸ் மேலைநாடுகளில் அப்போதே வழக்கத்துக்கு வந்துவிட்டது. ஐ.ஓ.எல். என்பார்கள். இறக்குமதி விலை ஒன்றுக்கு 100 டாலருக்கும் மேல். மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையில் இதனால் ஒரு சங்கடம் உண்டாயிற்று. பணம் கட்டும் நோயாளிக்கு லென்ஸ், இலவச நோயாளிக்குச் சோடாபுட்டி. அமெரிக்காவின் சேவா அறக்கட்டளை, கம்பெனிகளிடம் கேட்டு வாங்கிய லென்ஸ்களை அன்பளிப்பாக அனுப்பிவைத்தது. நல்ல மனசுதான். ஆனால் எப்போது வரும், எத்தனை வரும் என்பதெல்லாம் கொடுக்கிறவர் கையில் இருந்தது. இலவசப் பிரிவின் வாசலில் நிற்கும் கூட்டத்துக்கு அது எந்த மூலைக்கும் காணாது.

இன்னும் அதிகமாகக் கேட்டு வாங்கலாம். அது ஒரு வழி. கொடுப்பவருக்கும் வசதி. கண்கட்டு அவிழ்த்த பாட்டியின் பக்கத்தில் நின்று படம் எடுத்து ஆண்டறிக்கையில் போட்டுக்கொள்ளலாம். லென்ஸை மதுரையிலேயே செய்வது இன்னொரு வழி. அதில் படத்துக்கு ஒன்றும் தேறாது. தூசி புகாத அறை, கடைசல் எந்திரங்கள், தொழில்நுட்பத்துக்குக் கட்டும் விலை, பயிற்சிச் செலவு, தரத்தில் தேறாமல் கழித்துப்போடும் லென்ஸ்கள் என்று பணம் கண்ணில் படாமலே கரையும். ஏழை நாடுகளுக்கு இந்த லென்ஸே ஆடம்பரம் என்று சொன்ன சர்வதேச நிபுணர்களும் அப்போது இருந்தார்கள்.

அரவிந்த் இரண்டாவது வழியில் போயிற்று. சேவாவில் இருந்த டேவிட் கிரீன் தொழில்நுட்பத்தையும் பணத்தையும் தேடி அலைந்தார். அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில் இருந்த ஒரு கம்பெனியிடமிருந்து தொழில்நுட்பம் வந்தது. 1992இல் ஆரோலேப் பிறந்தது. லென்ஸ் விலை சுமார் 10 டாலருக்கு இறங்கி, பிறகு இன்னும் சரிந்து ஓரிரு டாலரில் வந்து நின்றது. லாபம் பார்க்காத அறக்கட்டளையாகவே இருந்துகொண்டு, விற்ற காசில் தன் செலவைத் தானே பார்த்துக்கொள்ளும் ஆலை அது. இன்று அதன் பொருள்கள் நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளுக்குப் போகின்றன. கிரீனுக்கு 2004இல் அமெரிக்காவின் மெக்ஆர்தர் ஃபெலோஷிப் கிடைத்தது.

லென்ஸ் வாங்கக் கொடுத்ததும் மானியம்தான், ஆலை கட்டக் கொடுத்ததும் மானியம்தான். முதலாவது ஆண்டுதோறும் வந்துகொண்டே இருக்க வேண்டும். இரண்டாவது ஒரு கட்டத்தில் போதும் என்று நிறுத்திக்கொள்ளக்கூடியது. இந்தியாவில் தொண்டு நிறுவனங்களுக்குக் கிடைக்கும் பணத்தில் மிகப் பெரும்பகுதி முதல் ரகம். ஏன் அப்படி, இரண்டாவது ரகம் வளர எது தடை, அதை எல்லோரிடமும் எதிர்பார்ப்பது நியாயமா என்பதே இந்தக் கட்டுரை.

நகையும் ஒரு மானியம்

அரவிந்தின் கதையைப் பலரும் பாதியில் இருந்துதான் சொல்வார்கள். 1976இல் டாக்டர் கோ. வெங்கடசாமி 58 வயதில் அரசுப் பணியில் இருந்து ஓய்வு பெற்றார். முடக்குவாதத்தில் விரல்கள் கோணிப்போன மனிதர். அந்த விரல்களை வைத்துக்கொண்டே கத்தி பிடிக்கப் பழகி ஆயிரக்கணக்கில் அறுவை செய்தவர். மதுரை அண்ணா நகரில் 11 படுக்கையோடு மருத்துவமனை தொடங்கினார். வங்கிகள் கைவிரித்தன. வீட்டை அடமானம் வைத்தார்கள், வீட்டுப் பெண்களின் நகைகள் அடகுக்குப் போயின. தங்கை டாக்டர் நாச்சியார், அவர் கணவர் டாக்டர் நம்பெருமாள்சாமி என்று குடும்பமே கண் மருத்துவத்தில் இறங்கியது. தொடக்க ஆண்டுகளில் அவர்கள் எடுத்துக்கொண்ட சம்பளம், வெளியே சம்பாதித்திருக்கக்கூடியதில் சிறு பங்குதான்.

அடுத்த பெரிய கட்டடத்தை, வருமானம் வரவர மாடி மாடியாக எழுப்பினார்கள். 1981இல் அது திறந்தது. 1984இல் தனியாக இலவச மருத்துவமனை. பிறகு தேனி, திருநெல்வேலி, கோவை, புதுச்சேரி.

வேலை நடக்கும் விதத்தைக் கிட்டத்தில் பார்த்தால்தான் கணக்கு புரியும். அறுவை அரங்கில் ஒரு டாக்டருக்கு இரண்டு மேஜை. ஒன்றில் அறுவை நடக்கும்போதே பக்கத்து மேஜையில் அடுத்த நோயாளியைப் படுக்கவைத்து, கண்ணைச் சுத்தம் செய்து, துணி போர்த்தித் தயாராக வைத்திருப்பார்கள். முதல் கண் முடிந்ததும் டாக்டர் மைக்ராஸ்கோப்பை அந்தப் பக்கம் திருப்பிக்கொள்வார். நோயாளியை அழைத்து வருவது, மருந்து போடுவது, கருவி எடுத்துக் கொடுப்பது எல்லாம் பிளஸ் டூ முடித்து வந்து இரண்டாண்டு பயிற்சி பெற்ற கிராமத்துப் பெண்களின் வேலை. டாக்டர் மட்டுமே செய்யக்கூடியதை மட்டுமே டாக்டர் செய்கிறார். அதனால் ஓர் அரவிந்த் டாக்டர் ஆண்டுக்குச் சுமார் 2,000 அறுவை வரை செய்துவிடுகிறார். நாட்டின் சராசரி இதில் சிறு பங்குதான். ஆக ஓர் அறுவைக்கான செலவு இறங்கிவிடுகிறது. ஊரில் மற்றவர்கள் வாங்குகிற அளவுக்குக் கட்டணம் வாங்கினாலே மிச்சம் நிற்கும். அந்த மிச்சமும், ஓரளவு அரசின் பார்வையிழப்புத் தடுப்புத் திட்டம் தரும் தொகையும் சேர்ந்து இலவசப் பிரிவை நடத்துகின்றன. பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு இலவசம், அல்லது பெயருக்கு ஒரு கட்டணம். வருமானச் சான்றிதழ் யாரும் கேட்பதில்லை. எந்த வாசலில் நுழைவது என்பது நோயாளியின் இஷ்டம்.

ஹார்வர்ட் 1993இல் இதைப் பாடமாக்கியது. அதைப் படித்துவிட்டு ‘பிசினஸ் மாடல்’ தேடி வந்தவர்கள் கட்டண அட்டையை எழுதிக்கொண்டு போனார்கள். அடகுக்கடைச் சீட்டை யாரும் பிரதி எடுத்ததாகத் தெரியவில்லை. அந்த நகையும், அந்தக் குறைந்த சம்பளமும், மிகக் கறாரான ஒழுங்கில் வேலைபார்த்த அந்தப் பெண்களின் உழைப்பும் யாரும் கணக்கில் எழுதாத மானியங்கள். சொந்தக் காலில் நிற்கிறது என்று நாம் புகழும் எந்த அமைப்பின் தொடக்க ஆண்டுகளைக் கிளறினாலும் இப்படி ஏதாவது கிடைக்கும். குடும்பம் கொடுக்காவிட்டால் வேறு யாராவது கொடுத்தாக வேண்டும். மானியம் தருகிறவர்கள் நுழைய வேண்டிய இடம் அதுதான்.

மார்ச் மாதக் கணக்கு

நடப்பதோ வேறு. ஒரு சராசரி தொண்டு நிறுவனத்தின் கணக்காளர் மேஜைக்குப் போய்ப் பாருங்கள், மார்ச் மூன்றாம் வாரத்தில். நான்கு ப்ராஜெக்ட், நான்கு கோப்பு. கள ஒருங்கிணைப்பாளரின் சம்பளத்தில் கால்பங்கு ஒரு ஃபண்டரின் தலையில், கால்பங்கு இன்னொருவர் தலையில், மீதிப் பாதி எங்கே என்று தேடல். கம்ப்யூட்டர் வாங்கலாம், ஆனால் அதை இயக்கும் ஆளுக்கு பட்ஜெட்டில் இடமில்லை. ஜீப்புக்கு டீசல் உண்டு, டிரைவர் இல்லை. வாடகையை எந்தத் தலைப்பில் போடுவது என்று பட்டயக் கணக்காளருக்கு போன் போகும். ஒரு ப்ராஜெக்ட்டில் மிச்சம் இருந்தால் அதைச் சேமிக்க முடியாது. ‘மார்ச் முடியறதுக்குள்ள செலவு பண்ணி யூ.சி. அனுப்பிடுங்க’ என்று ஃபண்டர் ஆபீசிலிருந்து அழைப்பு வரும். யூ.சி. என்றால் யுட்டிலைசேஷன் சர்டிபிகேட். சிக்கனமாக இருந்ததற்குத் தண்டனை கிடைக்கும் ஒரே தொழில் இதுவாகத்தான் இருக்கும்.

ஏப்ரலில் புது ப்ராஜெக்ட் வந்தால் அதே ஆட்கள் தொடர்வார்கள். வராவிட்டால் பத்து வருட அனுபவம் உள்ளவர் காப்பீட்டு முகவராகிவிடுவார்.

ஆன் காகின்ஸ் கிரெகரியும் டான் ஹோவர்டும் 2009இல் எழுதிய ஒரு கட்டுரையில் இந்தச் சுழலைப் பட்டினிச் சுழற்சி என்றார்கள். நிர்வாகச் செலவு குறைவாக இருக்க வேண்டும் என்று கொடுப்பவர் எதிர்பார்க்கிறார். வாங்குபவர் உண்மைச் செலவைக் குறைத்துக் காட்டுகிறார். அதைப் பார்த்த கொடுப்பவர் இதுதான் நிஜம் என்று நம்பி, அடுத்தமுறை இன்னும் குறைக்கிறார். அவர்கள் பார்த்தது அமெரிக்காவை. இந்தியாவில் இதற்குச் சட்டமே துணை நிற்கிறது. வெளிநாட்டு நன்கொடையில் நிர்வாகச் செலவுக்கு 50 சதவீதம் வரை அனுமதித்த எஃப்.சி.ஆர்.ஏ. சட்டம், 2020 செப்டம்பர் திருத்தத்தில் அதை 20 சதவீதமாக்கியது. ஒரு பெரிய அமைப்பு வாங்கிச் சின்ன அமைப்புகளுக்குப் பிரித்துக் கொடுக்கும் வழியையும் அதே திருத்தம் அடைத்தது. தவறு செய்தவர்கள் இருந்தார்கள் என்பது வேறு விஷயம். ஆனால் வெளிநாட்டு நிறுவனங்களை நேரில் அணுகத் தெரியாத, ஆங்கிலத்தில் விண்ணப்பம் எழுத ஆளில்லாத சிறு டிரஸ்டுகள் நம்பியிருந்தது அந்த ஒரு வழியைத்தான்.

கம்பெனிகளின் சமூகப் பொறுப்புப் பணம், அதாவது சி.எஸ்.ஆர். பணம், இதை ஈடு செய்யும் என்றார்கள். 2013 கம்பெனிச் சட்டத்தின்படி, குறிப்பிட்ட அளவுக்கு மேல் நிகர மதிப்போ விற்றுமுதலோ லாபமோ உள்ள கம்பெனிகள் மூன்றாண்டுச் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். 2014 ஏப்ரலில் இது நடைமுறைக்கு வந்தது. இன்று ஆண்டுக்கு 25,000 கோடி ரூபாய்க்கு மேல் புரள்கிறது. பெரிய தொகைதான். ஆனால் இந்தப் பணத்துக்கும் நிதியாண்டு என்ற கடிவாளம் உண்டு. தொடர் திட்டம் என்று அறிவித்தால்கூடத் தொடங்கிய ஆண்டு நீங்கலாக மூன்று ஆண்டுதான். கம்பெனிக்கோ கழிப்பறையும் வகுப்பறையும் பிடிக்கும். பெயர்ப்பலகை வைக்கலாம் அல்லவா? அந்த அமைப்பில் கணக்கு பார்க்கத் தெரிந்த ஒரு நல்ல மேலாளருக்கு மூன்றாண்டுச் சம்பளம் கொடுங்கள் என்று கேட்டுப் பாருங்கள். கமிட்டிக்குக் கொண்டுபோகிறோம் என்பார்கள்.

சம்பாதித்தாலும் சிக்கல்

சரி, மானியமே வேண்டாம், நாமே ஏதாவது விற்போம் என்று ஒரு டிரஸ்ட் முடிவெடுத்தால்? அங்கே வருமான வரிச் சட்டம் காத்திருக்கிறது. ஏழைகளுக்கு உதவி, கல்வி, மருத்துவம் போன்றவை தனி இனம். அவற்றுக்குச் சற்று இடம் உண்டு. அரவிந்த் தப்பித்தது அப்படித்தான். ஆனால் ‘பொதுப் பயன்பாடு’ என்ற பொதுவான தலைப்பில் பதிவான அமைப்பு, வணிகம்போல ஏதாவது செய்தால் அதன் வரவு மொத்த வரவில் 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. தாண்டினால் அந்த ஆண்டு வரிவிலக்கு போயிற்று. ஆமதாபாத் நகர்ப்புற வளர்ச்சி ஆணையம் தொடர்பான வழக்கில் 2022 அக்டோபரில் உச்சநீதிமன்றம் இந்த வரம்பைக் கறாராகவே விளக்கியது.

யோசித்துப் பாருங்கள். நன்கொடை கோடி ரூபாய் வந்த ஆண்டில் 15 லட்சத்துக்குக் கைவினைப் பொருள் விற்றால் பிரச்சினை இல்லை. அடுத்த ஆண்டு நன்கொடை 50 லட்சமாகச் சுருங்குகிறது. விற்பனை அதே 15 லட்சம்தான். வரம்பு தாண்டிவிட்டது. நன்கொடை குறையும்போது தாங்கிப்பிடிக்கத்தானே விற்பனையே தொடங்கினார்கள்! சரியாக அந்த நேரத்தில்தான் சட்டம் காலை வாருகிறது.

சேமிப்புக்கும் கட்டுப்பாடு. ஆண்டு வருமானத்தில் 85 சதவீதத்தை அறப்பணிக்கே செலவிட்டுக் காட்ட வேண்டும். மீதி 15 சதவீதத்துக்கு மேல் ஒதுக்கி வைக்க வேண்டுமானால் என்ன நோக்கத்துக்கு என்று படிவம் கொடுத்து ஐந்தாண்டுக்குள் செலவழிக்க வேண்டும். இதில் தர்மம் இருக்கிறது, மறுக்கவில்லை. அறக்கட்டளையின் பெயரில் நிலமும் கல்லூரியும் சேர்த்த குடும்பங்களை நம் ஊரிலேயே பார்த்திருக்கிறோம். ஆனால் அந்தப் பெரிய மீன்கள் பட்டயக் கணக்காளர் படையோடு வலையைத் தாண்டிவிடுகின்றன. ஆறு மாதச் சம்பளத்தை வங்கியில் வைத்துக்கொள்ள நினைக்கும் சிறு அமைப்புதான் மாட்டிக்கொண்டு முழிக்கிறது. நாட்டு நிலவரம் தெரிந்த பட்டயக் கணக்காளர்கள் பொதுவாகச் சொல்லும் யோசனை, வியாபாரத்துக்குத் தனிக் கம்பெனி, தொண்டுக்குத் தனி டிரஸ்ட், இரண்டுக்கும் தனித்தனிக் கணக்கு என்பது. தனிக் கம்பெனி நடத்த யார் பணம் தருவார்கள் என்று கேட்டால் பேச்சு மறுபடி மானியத்துக்கே வந்துவிடுகிறது.

தருவதில் ஒரு வித்தை

இப்படி அடித்தளத்துக்கே கொடுக்க முன்வந்தவர்கள் இல்லாமல் இல்லை. அமெரிக்காவின் ஃபோர்டு அறக்கட்டளை 2016இல் ‘பில்ட்’ என்ற பெயரில் 100 கோடி டாலர் ஒதுக்கியது. ஐந்தாண்டு மானியம், எதற்குச் செலவிடுவது என்பதில் பெரும் சுதந்திரம், ஒரு பங்கு அந்த அமைப்பின் நிர்வாகத்தையும் நிதிநிலையையும் பலப்படுத்துவதற்கு. இந்தியாவில் எடல்கிவ் அறக்கட்டளை 2021இல் தொடங்கிய ‘க்ரோ ஃபண்ட்’ 100 அடித்தள அமைப்புகளுக்காக 100 கோடி ரூபாய் திரட்டும் இலக்கோடு வந்தது. ப்ராஜெக்ட்டுக்கு அல்ல, அமைப்பின் சொந்தச் செலவுக்கும் திறனுக்கும் என்பதே அதன் விசேஷம். நாட்டின் தேவையோடு ஒப்பிட்டால் சிறு துளி.

இந்த வகையில் எனக்கு மிகவும் பிடித்தது மதுரையிலேயே இருக்கும் லைகோ. லயன்ஸ் சங்கங்களின் உதவியோடு 1992இல் அரவிந்த் அமைத்த பயிற்சி நிறுவனம். திணறிக்கொண்டிருக்கும் ஒரு கண் மருத்துவமனையை லைகோவுக்கு அனுப்பி, அதற்கான செலவை லயன்ஸ், சேவா, சைட்சேவர்ஸ் போன்றவர்கள் ஏற்பார்கள். முதலில் லைகோ ஆட்கள் அந்த ஊருக்குப் போய்ப் பார்ப்பார்கள். பிறகு அங்கிருந்து டாக்டரும் நிர்வாகியும் செவிலியரும் சேர்ந்து ஒரு வாரம் மதுரையில் வந்து உட்கார்வார்கள். ஓர் அறுவைக்கு உண்மையில் எவ்வளவு செலவாகிறது, மைக்ராஸ்கோப் எத்தனை மணி நேரம் சும்மா கிடக்கிறது, முகாமில் அறுவை வேண்டும் என்று சொல்லப்பட்டவர்களில் எத்தனை பேர் வராமலே போகிறார்கள் என்று ஒவ்வொன்றாய்ப் பிரித்துப் பார்ப்பார்கள்.

அந்தக் கடைசிக் கேள்வி அரவிந்த் சொந்த அனுபவத்தில் கற்றது. இலவச அறுவை என்று சொன்னாலும் கிராமத்து ஆட்கள் வரவில்லை. விசாரித்தால் பஸ் காசு, சாப்பாடு, துணைக்கு ஆள், இழக்கும் கூலி. அறுவைதான் இலவசம், அறுவைக்கு வருவது இலவசம் இல்லை. அதன்பிறகு முகாமிலிருந்தே பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு வந்து, சோறு போட்டு, திரும்பக் கொண்டுவிட ஆரம்பித்தார்கள். முகாம் நடத்தும் செலவை உள்ளூர் லயன்ஸ் சங்கமோ ஜவுளிக்கடைக்காரரோ கோயில் கமிட்டியோ ஏற்றுக்கொள்வது இன்றும் வழக்கம். இரண்டு லட்ச ரூபாய்க்கு மெஷின் வாங்கிக் கொடுப்பதைவிட, இந்த ஒரு கேள்வியைக் கேட்கக் கற்றுக்கொடுப்பது பல ஆஸ்பத்திரிகளின் வரவு செலவை மாற்றியிருக்கிறது. 30 நாடுகளில் 300க்கும் மேற்பட்ட கண் மருத்துவமனைகள் லைகோவின் உதவியைப் பெற்றிருக்கின்றன. நேபாளத்தில் நம் எல்லையை ஒட்டி இருக்கும் லும்பினி கண் மருத்துவமனை சேவாவின் நீண்டகால ஆதரவில் வளர்ந்தது. உத்தரப் பிரதேசத்திலிருந்தும் பீகாரிலிருந்தும் எல்லை தாண்டி வருகிறவர்கள் கட்டும் காசு அதன் வருமானத்தில் முக்கியப் பங்கு.

பங்களாதேஷின் பிராக் வேறு மாதிரி. 1972இல் ஃபஸ்லே ஹசன் ஆபேத் தொடங்கிய நிவாரண அமைப்பு. மாணிக்கஞ்ச் பகுதியில் பட்டு நெய்த ஏழைப் பெண்களுக்கு டாக்கா கடைக்காரர்கள் மாதக்கணக்கில் காசு இழுத்தடித்தார்கள். பொருளைக் கொடுத்ததும் காசு கைக்கு வர வேண்டும் என்று பிராக் 1978இல் தானே கடை திறந்தது. அதுதான் ஆடோங். இன்று அந்நாட்டின் பெரிய கைவினைக் கடைகளில் ஒன்று. அதன் மிச்சமும் பிராக்கின் மற்றத் தொழில்களின் மிச்சமும் பள்ளிகளையும் சுகாதாரப் பணியையும் பெருமளவு தாங்குகின்றன. நம் கவனத்துக்குரியது ஒன்று: அங்கே கடையைத் திறந்தது நிதி திரட்டுவதற்காக அல்ல. நெசவுப் பெண்ணின் பிரச்சினைக்கு விடையாக வந்த கடை, பிறகு நிதியும் தந்தது. இதைத் திருப்பிப்போட்டு, முதலில் நிதிக்காக ஊறுகாய் விற்கப் புறப்பட்ட அமைப்புகள் பல, ஊறுகாய் பாட்டிலோடு நின்றுபோயின. நல்ல சமூகப் பணியாளர் நல்ல கடைக்காரராகவும் இருக்க வேண்டும் என்பது என்ன நியாயம்?

விற்கும் பொருளும் நிரந்தரமல்ல. ரிப்பன் கபூரும் நண்பர்களுமாக ஏழு பேர் 50 ரூபாயோடு 1979இல் தொடங்கிய, குழந்தைகளுக்கான ‘க்ரை’ அமைப்பை வாழ்த்து அட்டைகள் பல ஆண்டு தாங்கின. பிறகு நாமெல்லோரும் பொங்கல் வாழ்த்தை செல்போனில் அனுப்ப ஆரம்பித்துவிட்டோம். இன்று அந்த அமைப்பு நம்பி நிற்பது பெரும்பாலும் தனிநபர்களின் சிறு நன்கொடைகளை.

எல்லைக்கோடு எங்கே?

மானியத்தில் பிறந்தது தொழிலாக வளர்ந்து, கடைசியில் தொழில் மட்டுமே மிஞ்சிய கதையும் உண்டு. ஆந்திராவில் ஏழைப் பெண்களுக்குச் சிறுகடன் கொடுக்கும் தொண்டு அமைப்பாகத் தொடங்கியது எஸ்.கே.எஸ். நன்கொடைப் பணத்தில் வளர்ந்து, 2005இல் நிதிக் கம்பெனியானது. 2010 ஆகஸ்டில் பங்குச் சந்தைக்கு வந்து 1,600 கோடி ரூபாய்க்கு மேல் திரட்டியது. நிதிநிலையில் தன்னிறைவு என்று பார்த்தால் இதைவிட வெற்றி கிடையாது. அதே ஆண்டு அக்டோபரில், வசூல் கெடுபிடியும் தற்கொலைச் செய்திகளும் வெடித்ததைத் தொடர்ந்து ஆந்திர அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்தது. அந்த மாநிலத்தில் சிறுகடன் வசூலே ஏறக்குறைய நின்றுபோனது. சொந்தக் காலில் நிற்கும் அவசரத்தில் யார் தோளில் ஏறி நிற்கிறோம் என்று அந்தத் துறையில் கேட்பாரில்லாமல் போயிற்று.

இன்னொரு பக்கம், விற்க ஒன்றுமே இல்லாத பணிகள். செங்கல் சூளையிலிருந்து மீட்கப்பட்ட கொத்தடிமைக் குடும்பத்துக்கு யார் பில் போடுவது? அடிபட்டு நள்ளிரவில் வந்து நிற்கும் பெண்ணிடம் எந்த வாசல் என்று கேட்க முடியுமா? மனநலம் குன்றித் தெருவில் திரிபவரை அழைத்து வந்து குளிப்பாட்டிப் பராமரிப்பவர்களுக்கு ‘ரெவின்யூ மாடல்’ எங்கிருந்து வரும்? அரவிந்துக்கு ஓர் அதிர்ஷ்டம்: பணக்காரருக்கும் புரை வரும். அதே சேவையை விலை கொடுத்து வாங்க ஆள் உண்டு. அந்த அதிர்ஷ்டம் இல்லாத பணிகளிடம் மூன்றாண்டில் தன்னிறைவு காட்டு என்று கேட்பது, அந்தப் பணியையே விட்டுவிடு என்று சொல்வதற்குச் சமம். இவற்றுக்கு நிலையான நிதி என்றால் அரசின் பட்ஜெட், நீண்டகால நன்கொடையாளர்கள், ஒரு வைப்பு நிதி. அதையும் ‘மாடல்’ என்று ஒப்புக்கொள்ள ஃபண்டர்கள் பழக வேண்டும்.

புதிதாக வந்திருக்கும் சமூகப் பங்குச் சந்தை இதில் ஒரு சோதனை. 2019 பட்ஜெட்டில் அறிவித்து, 2022இல் பங்குச் சந்தைகளை ஒழுங்குபடுத்தும் செபி விதிகள் வகுத்தது. ‘ஜீரோ கூப்பன் ஜீரோ பிரின்சிபல்’ என்ற பத்திரத்தைத் தொண்டு அமைப்பு வெளியிடும். வட்டியும் கிடையாது, முதலும் திரும்பாது. சுருக்கமாக, சந்தை வழியே வரும் நன்கொடை. 2023 டிசம்பரில் முதலாவதாகப் பட்டியலில் ஏறியது பெங்களூரின் உன்னதி அறக்கட்டளை. இளைஞர்களுக்கு வேலைப் பயிற்சி தரும் அமைப்பு. குறைந்தபட்ச வெளியீட்டு அளவை ஒரு கோடியிலிருந்து 50 லட்சமாகக் குறைத்தார்கள். ஆனாலும் அறிக்கை தயாரிப்பு, தணிக்கை, தாக்க மதிப்பீடு என்று ஆகும் வேலைக்கே தனியாக ஆள் வேண்டும். அரியலூரிலோ சிவகங்கையிலோ எட்டுப் பேரை வைத்து நடக்கும் ஒரு டிரஸ்டுக்கு அந்த ஆளை வைத்துக்கொள்ளத்தான் முதலில் பணம் தேவை.

ஆக, பணம் கொடுக்கும் இடத்தில் இருப்பவர்கள் செய்யக்கூடியவை பெரிய தத்துவம் ஒன்றும் இல்லை. ஓராண்டுக்குப் பதில் நான்கைந்து ஆண்டுக்குக் கொடுக்கலாம். ஆயிரம் பேருக்குப் பயிற்சி என்ற இலக்குக்குப் பக்கத்தில், ஒரு பயிற்சிக்கு உண்மையில் ஆகும் செலவைக் கண்டுபிடிப்பதற்கும் ஒரு தொகை வைக்கலாம். தொழில் தொடங்கும் அமைப்புக்கு மெஷினோடு நிறுத்தாமல் நடப்பு மூலதனமும் சேர்த்துத் தரலாம். சரக்கு விற்றுக் காசு வரும்வரை கூலி கொடுக்கப் பணமில்லாமல் படுத்துப்போன அலகுகள்தான் அதிகம். மிச்சம் பிடித்த தொகையைத் திருப்பிக் கேட்காமல் அவர்களிடமே விட்டுவைக்கலாம். வரவு செலவில் கெட்டிக்காரரான ஒருவரைச் சந்தைச் சம்பளத்துக்கு வைத்துக்கொள்ள அனுமதிக்கலாம்.

மானிய விண்ணப்பப் படிவங்களின் கடைசிப் பக்கத்தில் எப்போதும் ஒரு கேள்வி இருக்கும்: ‘எங்கள் நிதி நின்ற பிறகு இந்தப் பணி எப்படித் தொடரும்?’ எல்லோரும் ஒரே பதிலைத்தான் எழுதுகிறார்கள்: சமூகப் பங்களிப்பு மூலம். எழுதியவருக்கும் அதில் நம்பிக்கை கிடையாது, வாசிப்பவருக்கும் கிடையாது. அந்த விடையைக் கண்டுபிடிக்க என்ன செலவாகும் என்று கேட்டு, அந்தத் தொகையை பட்ஜெட்டின் முதல் வரியாகச் சேர்க்கச் சொல்லும் படிவம் ஒன்றை இந்த ஊரில் யாராவது அச்சடித்தால், அதில் எழுத வேண்டிய பதிலுக்காகப் பல டிரஸ்டுகளின் நிர்வாகிகள் சில இரவுகள் நிஜமாகவே உட்கார்ந்து கணக்குப் போடுவார்கள்.